சிவப்பு மை வட்டங்கள்

தேனி கடைவீதியில் கணவன் ஜேசுராஜின் பிரேம் கடைக்குள் ஜெபராணி நுழைந்தபோது, மேசைமேல் அவளுடைய மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கண்ணாடி இல்லை.

"இதுல இருந்த கண்ணாடி எங்கங்க?"

ஜேசுராஜ் வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தான். "அதா? கஸ்தூரியம்மா வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டுட்டேன். சைசு கச்சிதமா இருந்துச்சு. கறுப்புக் கறுப்பாப் புள்ளி, ஒரே ஈப்பீ. சலவைச் சோடாத் தண்ணியில ஊறப்போட்டுச் சொரண்டுனேன், பளபளன்னு ஆயிருச்சு."

ஈப்பீயாம்! ஸ்டுடியோக்கள் கழித்துப்போட்ட பழைய நெகட்டிவ் கண்ணாடிகளை வாங்கிச் சுரண்டி, சாமி படத்துக்கும் செத்தவர் படத்துக்கும் மாட்டுவது அந்தக் கடையில் வழக்கம்தான். ஆனால் இது மலைமேலிருக்கும் வானாராய்ச்சிக் கூடத்தார் இரவு வானத்தைப் படமெடுத்து அவளை நம்பிக் கொடுத்தது. நெகட்டிவ் என்பதால் வானம் வெளுத்து, ஒளியெல்லாம் கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கும். அவற்றில் பல நட்சத்திரமே அல்ல. ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் அடங்கிய விண்மீன் மண்டலம். களத்தில் கொட்டிய சோளம்போல நடுவில் கும்பலாகக் கிடக்கும். அங்கிருந்து ஒரு சாரை மெலிந்துகொண்டே போய், ஓரத்திலிருக்கும் இன்னொரு கும்பலைத் தொடும். இரு பக்கமும் வெறும் வெட்டவெளி. எமர்ஜென்சி முடிந்த வருஷத்திலிருந்து, தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்து, லென்ஸுக்குமேல் கழுத்து இற்றுப்போகக் குனிந்து, ஒவ்வொரு மண்டலத்தையும் சுற்றிக் கண்ணாடியின் பின்பக்கம் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டினால் அங்கேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இனி எதைக் காட்டுவாள்?

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ராணி. அழுக்குன்னு நெனச்சேன்" என்றான் ஜேசுராஜ், குரலைத் தாழ்த்தி.

பாவம், கடையில் ஆயிரம் கண்ணாடி புழங்குகிற மனுஷன் என்று ஒரு கணம் அவளும் நினைத்தாள். அப்போதுதான் கண்ணாடி ஊறப்போடும் தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் புட்டி கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு துணி. துணியெல்லாம் சிவப்பு.

அவள் போட்டது தண்ணீரில் போகாத மை. மண்ணெண்ணெய் தொட்டு, உட்கார்ந்து, ஒவ்வொரு வட்டமாகத் தேய்த்தால்தான் போகும்.

"அழுக்கச் சுத்தி யாராச்சும் வட்டம் போடுவாகளா?"

ஜேசுராஜ் குனிந்து, கீழே விழாத ஆணியைத் தேடினான்.

"கேக்குறேன்ல? சொல்லு!"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. அவன் முகம் கறுத்தது.

"நீ மலைக்குப் போயிட்டா இங்கன வீட்ட ஆரு பாக்குறது? ஊர் என்னைய என்ன பேசும்?"

"அத வாயத் தெறந்து சொல்ல மாட்ட. திருட்டுத்தனமா அழிப்ப. அப்படித்தான?"

அவன் பதில் சொல்லுமுன் கஸ்தூரியம்மாள் வாசலில் வந்து நின்றாள். கெங்குவார்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். ஜேசுராஜ், விட்டால் போதும் என்று படத்தை எடுத்து நீட்டினான்.

"எம்புட்டுத் தெளிவா இருக்காக!" கஸ்தூரியம்மாள் படத்திலிருந்த, செத்துப்போன புருஷனின் முகத்தைத் தடவினாள். விரல் ஓரத்தில் நின்றது. "தம்பி, காதுகிட்ட என்னமோ செவப்பா ஒட்டியிருக்கே?" நகத்தால் சுரண்டப் போனாள்.

"சொரண்டாதீக!"

எதிர்க்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஜெபராணி கஸ்தூரியம்மாளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். பிரேமின் ஓரத்திலிருந்து, அவன் அழிக்காமல் விட்ட சிவப்பு அரை வட்டம் மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குள்ளே கறுப்புப் புள்ளி இல்லை.