தற்காலிக அறையில் நாச்சிமுத்து

தவமணி எழுதிய ஸ்கிரிப்ட் ஓடும் ஒவ்வொரு தடவையும் மைதானத்தில் ஓர் அறை எழும்பும். கம்ப்யூட்டரில் தற்காலிகக் கோப்பு என்பார்களே, அதுதான். வேலை நடக்கும்வரை அறை இருக்கும். முடிந்ததும் இடிந்துவிடும். உள்ளே அவள் கணவர் நாச்சிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். அதனால் உட்கார வேறு இடம் அவருக்கு இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் அவளுக்கு வேலை. எந்த நம்பர் நூல் எத்தனை மூட்டை இருக்கிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று தினமும் காலையில் தானாகக் கணக்கெடுக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் அவளுடையது. அதை ஓட விட்டுவிட்டு மைதானத்துக்கு நடப்பாள். மைதானம் கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. சில நாள் முன்னால் இருக்கும். பொது இடம்தான், யார் வேண்டுமானாலும் அறை கட்டலாம். ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

அறை கட்டுவதில் தவமணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெயரை அவள் வைக்கவே மாட்டாள். வாட்ச்மேன் வெள்ளிங்கிரியிடம் விட்டுவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கு7றபூ3ஞ என்பது போல எதையாவது சொல்வார். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பெயரில் அறை நிற்கும். கதவு பூட்டியிருக்கும். சாவி அவள் கையில் மட்டும் இருக்கும். பெயரும் அறையும் ஒரே மூச்சில் வர வேண்டும், நடுவில் இடம் விட்டால் எவனாவது புகுந்துவிடுவான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. ஸ்கிரிப்டில் இன்னொரு வரியையும் மறக்க மாட்டாள். நல்லபடியாக முடிந்தாலும் சரி, பாதியில் செத்தாலும் சரி, போகும்போது அறையை இடித்துவிட்டுப் போ.

இவ்வளவு ஒழுங்காக எழுதி என்ன கண்டாள்? பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் சுவர் காணாமல் போகும். மறுநாள் வேறு அறை, வேறு பெயர். நாச்சிமுத்துவுக்கு முந்தின நாள் நினைவிருக்காது. வந்துட்டியா, சாப்ட்டியா என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். நேத்து சொன்னேனே என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு இருந்தது. அவருடன் ஒரு நேற்று வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவர்மேல் ஏக்கமாக இருந்தது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

அவருடைய பேச்சை மட்டும் அவள் வீட்டுப் பீரோவில், எவர்சில்வர் தூக்குப்போசியில் போட்டு மூடி வைத்திருந்தாள். எந்த அறையில் அவர் வாயைத் திறந்தாலும் பேச்சு அந்தப் போசியிலிருந்துதான் வரும். ஊரில் எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்களின் பேச்சை அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஸ்கிரிப்டிலிருந்து இடிக்கும் வரியை எடுத்துவிட்டாள். அறைக்குப் பெயரையும் தானே வைத்தாள். நாச்சிமுத்து. நாளைக்கும் அதே அறையைத் தேடி வர வேண்டுமே, கு7றபூ3ஞவை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

அந்தப் பெயரில் ஏற்கெனவே அறை ஏதாவது இருக்கிறதா என்று வெள்ளிங்கிரியிடம் கேட்டாள். அவர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். உடனே கட்டச் சொல்லியிருக்க வேண்டும். அவளோ முந்தானையைச் சரி செய்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள். நாளைக்கும் இருக்கப்போகிற அறைக்கு எப்படி வேண்டுமானாலும் போய்விட முடியுமா?

நிமிர்ந்தபோது ஒரு கதவு நின்றிருந்தது. மேலே நாச்சிமுத்து என்று எழுதியிருந்தது. தான் கேட்பதற்கு முன்பே வெள்ளிங்கிரி கட்டிவிட்டார் என்று நினைத்தாள். ஆசை கண்ணை மறைத்தது. ஸ்கிரிப்ட் அன்றைய நூல் கணக்கைக் கொண்டுவந்து அந்தக் கதவு வழியாக உள்ளே கொட்டியது. கொட்டுவதற்கு முன் உள்ளே இருந்ததைச் சுத்தமாகக் காலி செய்தது. அப்படிச் செய்யச் சொல்லி எழுதியவள் அவளேதான்.

கதவைத் திறந்தாள். சுவர் இல்லை. கூரை இல்லை. அவள் வீட்டுப் பீரோ இருந்தது. போசி திறந்து கிடந்தது. அதில் கழுத்து வரைக்கும் நூல் கணக்கு. அவர் பேச்சில் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

கதவில் சாய்ந்துகொண்டு சஃபாரி சூட் போட்ட ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கதவு உங்களுதுங்களா?"

"ஆமாங்க."

"ஏனுங்க எங்க வீட்டுப் போசிக்குள்ள கொண்டுபோய் விட்டீங்க?"

"எங்கயாச்சும் விடோணுமில்லீங்களா," என்றார் அவர். கடலைத் தோலை ஊதிவிட்டு நடந்தார். அவருடைய முதுகு நெடுநேரம் சிறிதாகாமலே தூரமாகப் போனது.

வெள்ளிங்கிரிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "நீங்க கேட்டப்ப இல்லீங்க அம்மிணி. அப்பறம் இருந்துச்சுங்க," என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

மறுநாள் பழையபடி பெயரை அவரிடமே விட்டாள். இடிக்கும் வரியைத் திரும்பச் சேர்த்தாள். அறை வந்தது. நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நாப்பதாம் நம்பர், எம்பது மூட்ட, ஈரோடு," என்றார்.

அதே குரல். அதே கரகரப்பு. சாப்பிட்டாயா என்று கேட்கும்போது தலையை எப்படிச் சாய்ப்பாரோ அப்படித்தான் சாய்த்திருந்தார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தவமணி அழுதாள். அவளைத் தேற்றுவதற்காக அவர் அறுபதாம் நம்பரையும் அது கரூர் போவதையும் மெதுவாகச் சொன்னார்.

அப்படியே பல நாள் போனது. நாச்சிமுத்து பரிவோடு இச்சல்கரஞ்சி என்று வடக்கே மூட்டை போகும் ஊரைச் சொல்வார். கேலியாக ஈரோடு என்பார். அவளும் பதிலுக்கு ஏதாவது பேசுவாள். வெளியிலிருந்து கேட்டால் சரக்கு லோடு ஏற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் மனசு ஆறவில்லை. இந்த வாயால் தன் பெயரை இனிமேல் கேட்கவே முடியாது என்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மில் கணக்கின் அடியில் அவளே ஒரு வரி சேர்த்தாள். தவமணி, ஒரு மூட்டை. அதில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் போசியிலும் விட்டுக் கலக்கினாள். எந்த ஊருக்குப் போகிறது என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அங்கே எதை எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் நாச்சிமுத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கையைப் பிசைந்துகொண்டு கேட்டாள். ஈரோடு முடிந்தது. கரூர் முடிந்தது.

"தவமணி," என்றார்.

அவள் கையைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஒரு மூட்ட."

அத்துடன் நின்றுவிட்டார். கணக்குச் சொல்லும்போது அவர் நடுவில் நின்றதே இல்லை. காலி இடத்தைத் தாண்ட முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கயும் அனுப்பறதில்ல," என்றார்.

அந்தச் சொற்கள் மில் கணக்கில் இல்லை. போசியிலும் இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது. சுவர் போயிற்று, நாற்காலி போயிற்று, அவரும் போய்விட்டார். வெட்டவெளியில் வெயில் அடித்தது.

ஆபீசில் மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தார். கரூர் பார்ட்டி ஒருவர் இருப்புக் கணக்கைப் பார்த்திருக்கிறார்.

"தவமணின்னு ஒரு மூட்ட நிக்குதாமா. வேணுங்கறாங்க. கரூருக்குத் தாட்டி விட்டரலாமா?"

"அது புக் ஆயிருச்சுங்க சார்."

"ஆருக்கு?"

"அவரே வந்து எடுத்துக்குவாருங்க," என்றாள் தவமணி.

மேனேஜர் அந்தச் சரக்கு இல்லை என்று கரூர்க்காரரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.