செஞ்சியில் இருந்ததற்கு அத்தாட்சி

லிஸ்பன் வரி அலுவலகத்திலிருந்து மூன்றாவது கடிதமும் வந்துவிட்டது. போன வருடம் முழுக்கத் தமிழினி போர்ச்சுகலில் குடியிருந்தாள் என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவில்தான் இருந்தாள் என்றால் ஆதாரம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் வரி கட்ட வேண்டும்.

அதற்கு முந்தின வருடக் கடைசியில் அம்மா மாரியம்மாளுக்குச் சிறுநீரகம் பழுதானதும், வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்தவள் அவள். காலையில் அம்மாவோடு ஆஸ்பத்திரி, மதியத்துக்கு மேல் மாடி அறையில் லிஸ்பன் கம்பெனிக்கு வேலை. வந்த பதற்றத்தில் அங்கே முகவரியை நீக்கச் சொல்லி எழுதிக்கொடுக்க மறந்துபோனாள்.

பஜாரில் இருந்த ஆடிட்டர் ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "நம்ம வருமான வரி ஆபீஸ்ல குடியிருப்புச் சான்று வாங்கிடலாம்மா. ஆனா நீ இங்க இருந்ததுக்கு ஏதாச்சும் காட்டணும். கரண்ட் பில்லு?"

"நைனா பேர்ல இருக்குது சார்."

"ரேஷன் கார்டு?"

"வெளிநாடு போனப்பவே என் பேர எடுத்துட்டாங்க."

"பாஸ்போர்ட்ல முத்திரை இருக்குமே?"

"வந்ததுக்கு இருக்குது. அப்புறம் எங்கியும் போவலன்றதுக்கு இன்னா சார் முத்திரை?"

"வேற ஏதாச்சும் இருக்குதான்னு தேடிப் பாரும்மா" என்று அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் சென்டரில் அம்மாவைப் படுக்கவைத்ததும், நர்ஸ் மணிமொழி வழக்கம்போல் பதிவேட்டை நீட்டினாள். "கூட வந்தவங்க கையெழுத்துக்கா."

பேனாவை வாங்கியவள் அப்படியே நின்றாள். "சிஸ்டர், போன வருசத்து நோட்டு இருக்குதா?"

அலமாரியிலிருந்து வந்த நோட்டை மடியில் வைத்துப் புரட்டினாள். வாரத்துக்கு இரண்டு கையெழுத்து. ஜனவரியில் முழுப்பெயரும் முத்து முத்தாக இருந்தது. ஜூனில் பாதிப் பெயர். தீபாவளிக்குப் பிறகு வெறும் கிறுக்கல். தூங்கிக்கொண்டே போட்டது போலிருந்தது. நடுவில் நான்கு இடங்களில் மட்டும் 'கோவிந்தசாமி' என்று அப்பாவின் நடுங்கும் எழுத்து. மீட்டிங் இருக்கிறது, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவள் எரிந்து விழுந்த நாட்கள் அவை. அந்த வரிகளைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் அனுமதி கொடுத்து, நகல்களில் சீல் வைத்துத் தந்தார். ராஜாங்கம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அப்பா கையெழுத்து இருக்கிற பக்கத்த எடுத்துடலாமா?" என்றார்.

"வேணாம் சார். அதுவும் இருக்கட்டும்."

சான்று கைக்கு வர ஐந்து வாரம். அதை லிஸ்பனுக்கு அனுப்பிப் பதில் வர இன்னும் நான்கு வாரம். ஏற்றுக்கொண்டோம் என்று இரண்டே வரி. இந்த வருடத்துக்கும் இதேபோல் சான்று அனுப்பவும் என்று மூன்றாவது வரி.

அன்றைக்கும் டயாலிசிஸ் நாள். இயந்திரத்தின் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னாள்.

"அப்ப நீ இங்கதான் இருக்கன்னு ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள் மாரியம்மாள்.

"ஒத்துக்கிட்டாங்கம்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சினுகிற?"

"தூக்கம் வருதும்மா."

"தூங்கேன். முடிய மூணு மணி நேரம் கெடக்குது."

தமிழினி கட்டிலின் ஓரத்தில் தலையைச் சாய்த்தாள். ஊசி குத்தாத கையை அம்மா அவள் முடியில் வைத்தாள். அடுத்த நிமிடமே தமிழினி தூங்கிப்போனாள்.