கிராம்பு வாசனை

மயக்க மருந்து டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாயை நல்லா திறங்கம்மா. மயக்கத்துல மூச்சுக்குக் குழாய் போட வழி இருக்கான்னு பார்க்கணும்."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தையல்காரம்மா பாதிதான் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர். மூட்டுவாதத்தில் தேய்ந்து, தையல் மிஷினை மிதிக்கவே முடியாமல் போன முழங்காலுக்கு அங்கே புது மூட்டு காத்திருந்தது. பக்கத்தில் மகன். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவைத் தாங்கி நடக்க வைக்க வேறு ஆளில்லை என்பதால், கப்பல் வேலையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தான்.

"கால் ஆபரேஷனுக்கு வாய்ல என்னங்க வேலை?"

"இன்னும் கொஞ்சம் திறங்க."

திறந்தாள். டாக்டரின் மூக்கு சுருங்கியது.

"கிராம்புத் தைலமா? எந்தப் பல்லு?"

"சும்மா, வாசனைக்கு..."

டார்ச் வெளிச்சத்தில் கடைவாய்ப் பல்லடியில் சீழ் தெரிந்தது.

"இந்தச் சீழ் ரத்தத்துல கலந்து புது மூட்டுல போய் உட்கார்ந்தா, மூட்டையே கழட்ட வேண்டி வரும்மா. முதல்ல பல்லு. அது ஆறின பிறகுதான் கால்."

"வலிக்கவே இல்லீங்க."

"அதான் தைலம் தடவியிருக்கீங்களே."

மகன் குனிந்தான். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா தள்ளிப் போடுவாங்க. நீ கிளம்பிடுவ."

ஸ்ட்ரெச்சர் வார்டுப் பக்கம் திரும்பி உருண்டது.

"அடுத்த லீவு எப்போடா?"

"பார்க்கலாம்மா."

முடியாது என்பதை அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சொல்வான்.