எண்ணெய் கேன் குழந்தை

முலிண்ட்வா அந்தப் பொம்மையைப் பயிற்சி மேசையில் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து எனக்கு மட்டோகே வாழைக்காய் மசியல்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

கம்பாலாவில் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை படித்தவர்கள் அந்த ஆண்டு நாங்கள் இருவர்தான். வெளிநாட்டுப் பொம்மை வாங்க மருத்துவமனைக்கு வக்கில்லை. அவன் மஞ்சள் எண்ணெய் கேனை அறுத்து விலா எலும்புகள் செய்தான். நீளப் பலூனை வெட்டி உணவுக்குழாய் ஆக்கினான். மேலே கோழித்தோல். பிறக்கும்போதே உணவுக்குழாய் அறுபட்டிருக்கும் குழந்தைக்கு எப்படித் தைப்பது என்று அதில் பழகலாம்.

"மூளைப்பா உனக்கு!" என்றார் பேராசிரியர் நமட்டோவு. இரண்டு வருடத்தில் என்னிடம் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாசலில் முட்டைச் சப்பாத்தி சுருட்டுகிறவன்கூட, "வாங்க, பலூன் டாக்டர்!" என்று அவனுக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக உடைத்தான்.

பொம்மையின் விலா இடைவெளியில் என் இரண்டு விரல்கள் தாராளமாகப் போயின. பிறந்த குழந்தையின் நெஞ்சில் சுண்டுவிரல் நுழைவதே பெரும்பாடு. சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் அவன் முகம் கறுக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மசாக்கா ஊரிலிருந்து அதே குறையோடு இரண்டு நாள் பெண்குழந்தை வந்தது.

"முலிண்ட்வா, நீ தை. கியோமுகிஷா, துணைக்கு நில்லும்மா" என்று பேராசிரியர் என்னையும் நிறுத்தினார்.

உள்ளே ஊசியைத் திருப்ப அவனுக்கு இடமில்லை. தையல் சதையை அறுத்துக்கொண்டு வந்தது. எனக்குள் ஏதோ இனித்தது. மறுகணம் குழந்தையின் மூச்சு இறங்குவதாகக் கருவி கத்தியது.

"தள்ளு!" என்று பேராசிரியர் தானே முடித்தார். ஏழாம் நாள் குழந்தை பால் குடித்தது.

அன்று அவனிடம் சொன்னேன்: "உன் பொம்மை நெஞ்சு பெருசு. முதல் நாளே எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"பொறாமை."

"என் பேரு கெட்டிருந்தா போகட்டும். அந்தப் புள்ள போயிருந்தா?"

பதினோரு நாள் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலி கேனையும் கத்தியையும் என் முன் வைத்தான்.

"அளவு தெரிஞ்சவ நீதானே? வெட்டு."

வெட்டினேன். ஏழாவது கேனில் அளவு சரியாக வந்தது. இப்போது மலாவியிலிருந்தும் வந்து அதில் பழகுகிறார்கள். செய்முறைத் தாளில் முதலில் அவன் பெயர், அடுத்து என்னுடையது. நியாயம்தான். ஆனாலும் அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்கிறது.