முன்னால் ஒரு கோடு

மூன்று மணிக் கூட்டத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பத்துமலை, அனுஜா எழுதிய நிரல் வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கிறவனுக்கு அதில் ஒரு தப்பும் தெரியாது. அதுதான் வம்பு.

ஈப்போவில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் அது. அங்கே ஒரு வழக்கம். இயந்திரத்தை நேராக ஓட்டும் ஃபங்ஷனின், அதாவது நிரல்துண்டின், பெயருக்கு முன்னால் ஒரு கீழ்க்கோடு (_) இருக்கும். கோடில்லாத அதே பெயர் அதன்மேல் போர்த்திய ராப்பர், ஒரு காப்பு உறை மாதிரி. இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது கோடு போட்டதைக் கூப்பிடும். மற்ற யாரும் கோடு போட்டதைத் தொடக்கூடாது. வழக்கத்தை உண்டாக்கியவர் பத்துமலை. புதிதாக வந்தவர்கள் எல்லாம் அவர் மேசைக்கு வந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். சுங்காய் எஸ்டேட்டில் பிறந்து, பட்டம் இல்லாமல் உள்ளே நுழைந்தவருக்கு, பட்டதாரிகள் தன்னிடம் வந்து நிற்பது பிடித்திருந்தது. அவர் இல்லாமல் ஆபீஸ் நகராது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டார்.

அனுஜா சேர்ந்து ஐந்து வாரம்தான். அவர் லீவில் இருந்தபோது கோடு போட்டதையே கூப்பிட்டுவிட்டாள். அதனால் செவ்வாய்க்கிழமை கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கதவு திறந்திருக்கும்போதே உருளை ஓடியது. இருளாயி என்ற பெண்ணுக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது.

"அண்ணே, என்னை நிப்பாட்டிருவாங்களா?" என்றாள் அனுஜா, கூட்ட அறை வாசலில்.

"பாப்போம்லா."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பத்துமலைக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

உள்ளே முதலாளி ஆரணன் கையில் அனுஜாவின் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"எல்லாருக்கும் தெரிஞ்ச ரூல்தானே இது, அனுஜா?"

"எனக்குத் தெரியாது, பாஸ்."

"பத்து அண்ணே, எழுதி வச்சிருப்பீங்கல்ல? காட்டுங்க, முடிச்சிறலாம்."

வாயால் சொல்லிக்கொடுத்தேன் என்றாலே போதும், ஆரணன் நம்பிவிடுவார். பத்துமலைக்கு அவமானமாக இருந்தது. மடிக்கணினியை ஆரணன் பக்கம் திருப்பி வைத்தார்.

'பெயரிடும் முறை' என்று தலைப்பு. அடியில் பத்துமலையின் பெயர், 2011. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

ஆரணன் மவுஸை உருட்டினார். பக்கம் அசையவில்லை. இன்னொரு முறை உருட்டினார்.