பேனரில் ஐந்து ஆண்கள்

"உலகத்துக்கே எழுதக் கத்துக்கொடுத்தது நாமதான். நம்ம ஈராக்குல சுமேரியன் களிமண்ணுல கீறிட்டிருந்தப்போ மத்தவனுக்கெல்லாம் கணக்குப் போட விரல்தான் இருந்துச்சு. எதை எழுதணும், எதை எழுதக் கூடாதுன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்" என்றான் அக்கீல், ஈரம் காயாத கறுப்புத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு.

மறுமுனையை அக்காள் ரஃபல் பிடித்திருந்தாள். விடிகாலையில் உம்மா இறந்திருந்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் மஹ்தி மாமா சொல்லச் சொல்ல இரங்கல் பேனர் எழுதியாகிவிட்டது. காலஞ்சென்ற ஹாஜி கரீமின் மனைவி, அக்கீலின் தாயார், ஹாஜி மஹ்தியின் சகோதரி, கர்னல் தாஹிரின் அத்தை, டாக்டர் நிஸாரின் சித்தி இறையடி சேர்ந்தார்.

"இதுல செத்தது யாரு?" என்றாள் ரஃபல்.

"படிச்சாத் தெரியலையா?"

"படிச்சேன். அஞ்சு ஆம்பளைங்க ஒண்ணா போயிட்ட மாதிரி இருக்கு. உம்மா பேரு எங்கடா?"

மாமா நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "பொம்பளை பேரைத் தெருமுனையில தொங்கவிடச் சொல்றியா? கடைத்தெருவுல போறவன் வர்றவன் வாயில விழணுமா என் தங்கச்சி?"

"அக்காவை விடுங்க மாமா. போன வருஷமே ஒரு டப்பா வெள்ளை பெயின்ட்ல இந்த ஹில்லா ஊரையே விடுதலை பண்ணிட்டா. நமக்குத்தான் தகவல் வரலை" என்றான் அக்கீல்.

ரஃபல் சிரிக்கவில்லை. பெண்களின் மண உரிமைகளைக் குறைத்த புதுக் குடும்பச் சட்டத்தை எதிர்த்து பாக்தாத் வரை போய், அட்டையைப் பிடித்து நின்று, வசவு வாங்கித் திரும்பியவள் அவள். போராட்டத்தில் முதல் வாரம் முன்னூறு பேர். கடைசி வாரம் பதினொருவர். ஊரில் இரங்கல் பேனர்களில் விட்டுப்போன பெண்களின் பெயர்களை ஏணி போட்டு எழுதிச் சேர்த்தாள். 'ஹைதரின் தாய்' என்று மட்டுமே எல்லோரும் அழைத்த எதிர்வீட்டு உம்மு ஹைதரின் பேனரிலும் எழுதினாள். ஜன்னலோரம் படுத்திருந்த உம்மா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இருபது வருஷமா எதிர்வீடு. பேரு இப்பத்தான் தெரியுது. அழகான பேருடி."

உம்மா அன்று சொன்ன அதை ரஃபல் இப்போது சொன்னாள். மாமா தஸ்பீஹ் மணிகளை உருட்டினார். அக்கீல் பேனரைக் கட்டக் கிளம்பினான்.

"சட்டத்தை எதிர்த்துகூட நின்னுடலாம். உங்க ரெண்டு பேரை எதிர்த்துதான் ஒண்ணும் பண்ண முடியலை" என்றாள் அவள், அவன் முதுகிடம்.

உம்மாவின் பெயரைக் காப்பதில் அக்கீலுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அதைக் கண்டுபிடித்து மைதானத்தில் கத்திய வகுப்புத் தோழனின் பல்லை உடைத்திருக்கிறான். ஈராக்கில் கசியாத ஒரே ரகசியம் அது.

நஜஃப் மயானத்தில், இறந்தவருக்குக் கடைசி உபதேசம் சொல்லக் குழிக்குள் இறங்கிய ஓதுகிறவர் தலை நிமிர்த்திக் கேட்டார்: "பேரு?"

சுற்றிலும் நாற்பது ஆண்கள். அக்கீல் மண்டியிட்டு, அவர் காதில் மெல்லச் சொன்னான்.

"சத்தமாச் சொல்லு தம்பி. அவங்களுக்குக் கேக்க வேணாமா?"

"ஸபீஹா."

ஓதுகிறவர் உம்மாவின் தோளை அசைத்து, உரக்க அழைத்தார்: "கேள், ஸபீஹா. புரிந்துகொள், ஸபீஹா." மூன்று முறை. நாற்பது பேரும் கேட்டார்கள். எவனும் சிரிக்கவில்லை. எவன் பல்லையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ஊர் திரும்பினார்கள். பெண்கள் அறையில் ரஃபல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலில் நின்றான், அவள் திரும்பவில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே பெயின்ட் டப்பா பழைய இடத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தெருமுனையில் ஏணி. பேனரில் இடமே இல்லை. ஐந்து பேரும் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். மேல் ஓரத்தில், விரல் அகல இடத்தில், தூரிகையை நெருக்கிப் பிடித்து உம்மாவின் பெயரை எழுதினான். அக்காள் எழுத்து போல் வரவில்லை. கோணியது.

"அங்க என்னடா பண்றே?" கீழே மாமாவின் குரல்.

"கயிறு தளர்ந்திருக்கு மாமா. நீங்க போங்க."

மாமா போகவில்லை. ஒரு துளி வெள்ளை வழிந்து 'அக்கீல்' மேல் இறங்கியது. அவன் அதைத் துடைக்காமல், மேலே இருந்த எழுத்துக்கு வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தான்.