சிரிக்க உத்தரவு வராத அரங்கு

பதினோரு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டியவன், இப்போது மேடையில் தனியாக நின்று ஆட்களைச் சிரிக்க வைக்கிறான். அந்தப் பிற்பகல் அரங்கில் இருநூறு பேர். ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களும் அவர்கள் மனைவிமாரும். கடைசி வரிசையில் தியேட்டர் முதலாளி. கூட்டம் சிரித்தால் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அவனுக்கு. இல்லாவிட்டால் பழையபடி, பெரிய ஆட்கள் வருவதற்கு முன்னால் பத்து நிமிடம்.

கிளம்பும்போது அவன் மனைவி சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டே, "உங்க ஆளுங்கதானே, ஊதித் தள்ளிடுவீங்க," என்றாள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

ஆறு நிமிடம் ஆயிற்று. ஒரு சிரிப்புச் சத்தம்கூட இல்லை. போர்ப் பயிற்சியில் வழி தவறி லாரியை எதிரணி முகாமுக்குள்ளேயே ஓட்டிப்போய், வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னான். மற்ற ஊர்களில் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே அது சுவரில் மோதி விழுந்தது. ஆனால் உதடுகள் துடிப்பதை அவன் பார்த்தான். ஒவ்வொருவரும் முதல் வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அங்கே, வந்தவர்களிலேயே பெரிய பதவியில் இருந்த ஒரு கர்னல் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட முகம்.

காரணம் புரிந்ததும் அவனுக்குப் பயம் போய்விட்டது. ராணுவத்தில் மூத்தவர் சிரிக்காமல் சின்னவன் சிரிக்கக்கூடாது. அவனே அப்படிப் பதினோரு வருடம் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றவன்தான்.

மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தான். கர்னலை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த அவர் மனைவியிடம் கேட்டான்.

"அம்மா, சார் வீட்லயாவது சிரிப்பாரா?"

"சிரிப்பாரு தம்பி. என்ன, ரெண்டு நாள் முன்னாடியே எழுதிக் குடுக்கணும்."

கர்னலின் தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு ஆறு நிமிடம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. நடு வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த லாரி கதையை முதல்லேருந்து சொல்லுப்பா, இப்ப சிரிக்கிறோம்," என்றார். சொன்னான்.

முடிந்ததும் முதலாளி மேடைக்குப் பின்னால் வந்தார்.

"சனிக்கிழமை வந்துடு. ஒரு மணி நேரம் தாங்குவியா?"

"தாங்குவேன் சார். முதல் வரிசையில மட்டும் யாரோட மேலதிகாரியையும் உக்கார வைக்காதீங்க."

"என் மாமியார் வருவாங்களேப்பா."

"அப்ப பேச்சை அவங்ககிட்டயே ஆரம்பிச்சுடறேன்."